இரண்டு டாக்டர் சீட்டும் சேருகிற இடம் உங்கள் கடைதான்: குமரி மாவட்ட மருந்துக்கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள மருந்துக்கடை உரிமையாளர்களுக்கும், கவுண்டரில் நிற்கும் தம்பி தங்கைகளுக்கும்,

வணக்கம். நான் முப்பத்தொரு வருடம் ஈசிஜி எடுத்துப் பிழைத்தவன். நெஞ்சில் ஜெல் தடவி, வயர் மாட்டி, பேப்பரைக் கிழித்து டாக்டர் கையில் கொடுப்பதுதான் என் வேலை. மருந்து படித்தவன் இல்லை. அந்த விஷயத்தில் நீங்கள் என்னைவிடப் படித்தவர்கள். உங்களைக் குறை சொல்ல வரவில்லை என்று எழுதத்தான் நினைத்தேன், ஆனால் தினமும் என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேட்காமல் ஆன்டிபயாடிக் கொடுப்பதைப் பற்றிக் கொஞ்சம் சொல்லத்தான் போகிறேன். அதற்கு முன்னால் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன்.

போன வருடம் எடவப்பாதி மழை விடாமல் பெய்த வாரம். என் அக்காவுக்கு 68 வயது. நெஞ்சு படபடப்புக்குத் திருவனந்தபுரத்தில் பார்க்கிறாள். அமியோடரோன் மாத்திரை தினமும் உண்டு. கால் வீக்கத்துக்கு ஃபுரோசமைடு, அதாவது நாம் சொல்கிற நீர் மாத்திரை. மழையில் நனைந்து சளி பிடித்து, காய்ச்சலாகிப் படுத்துவிட்டாள். ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றால், "எனக்கு ஒண்ணும் இல்ல மக்களே, சளிக்கு ரெண்டு மாத்திரை வாங்கிட்டு வா, போதும்" என்றாள். சரியென்று குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடை. எந்தக் கடை என்பது வேண்டாம், எந்தக் கடையாக இருந்தாலும் அன்றைக்கு அதுதான் நடந்திருக்கும். கவுண்டரில் இருந்த பையன் தங்கமானவன். "யாருக்கு சாரே?" என்றான். "அக்காவுக்கு. சளி, காய்ச்சல். நல்லதா ஒண்ணு குடு" என்றேன். அசித்ரோமைசின் 500 என்கிற ஆன்டிபயாடிக் மூன்று, பாராசிட்டமால் ஆறு, கேஸுக்கு ஒரு மாத்திரை ஆறு. கத்தரிக்கோலால் நறுக்கி, சின்னக் கவரில் போட்டு, மேலே காலை, இரவு என்று கோடு கிழித்துக் கொடுத்தான். இரண்டு நிமிட வேலை. அவன் வேறு எதுவும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அக்கா அமியோடரோன் சாப்பிடுகிறாள் என்பது எனக்குத் தெரியும். அந்த மாத்திரை ஈசிஜியில் என்ன செய்யும் என்பதும் நன்றாகவே தெரியும். ஆனாலும் கவுண்டரில் நின்றபோது நான் ஈசிஜிக்காரன் இல்லை, காய்ச்சலுக்கு மாத்திரை வாங்க வந்த ஒரு தம்பி. அவ்வளவுதான்.

முதல் நாள் ஒன்றும் இல்லை. இரண்டாம் நாள் வயிறு இளகி நாலைந்து தடவை போனது. மாத்திரைச் சூடு என்று நினைத்தோம். மூன்றாம் நாள் காலையில் அலக்குக்கல் பக்கத்தில் பொத்தென்று விழுந்தாள். ஓடிப்போய்த் தூக்குவதற்குள் முழித்துவிட்டாள். "தல கறங்குது, வேற ஒண்ணும் இல்ல" என்றாள். ஆட்டோவில் ஏற்றினேன்.

காஷுவாலிட்டியில் ஈசிஜி எடுத்தது ஒரு சின்னப் பெண். பேப்பரை வாங்கி நானே பார்த்தேன், பழக்கம் விடாது. ஈசிஜி பேப்பரில் ஒரு சின்னக் கட்டம் 0.04 விநாடி. ஒரு துடிப்பு மின்சாரமாகக் கிளம்புவதிலிருந்து, இதயத் தசை மறுபடி அமைதியாகி அடுத்த துடிப்புக்குத் தயாராகும்வரை ஆகிற நேரத்தைக் கியூடி என்பார்கள். எங்களுக்கு ஒரு கண்கணக்கு உண்டு: இரண்டு துடிப்புக்கு நடுவே இருக்கிற தூரத்தில், கடைசி அலையான 'டி' பாதி வழிக்குள் அடங்கிவிட வேண்டும். அக்காவின் பேப்பரில் துடிப்புக்கும் துடிப்புக்கும் நடுவே 25 கட்டம். பாதி பன்னிரண்டரை. 'டி' அலை தரையைத் தொட்டது 14ஆவது கட்டத்தில். 560 மில்லிசெகண்டு. பெண்களுக்கு 460 வரை பரவாயில்லை என்பார்கள். 500 தாண்டினால் யாரும் சும்மா உட்கார மாட்டார்கள்.

டாக்டரிடம் நீட்டுவதற்குள் மானிட்டரில் வந்துவிட்டது. ஈத்தாமொழி பக்கம் ராட்டில் கயிறு திரிப்பதைப் பார்த்திருப்பீர்கள். பிரி ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு ஒரு இடத்தில் தடித்து, ஒரு இடத்தில் மெலிந்து ஓடும். திரையில் அலைகள் அப்படியே முறுக்கிக்கொண்டு ஓடின. ஐந்து விநாடி இருக்கும், தானாகவே நின்றது. அதற்குப் பெயர் 'டார்சேட்ஸ் டி பாயிண்ட்ஸ்'. 1966இல் டெசெர்டென் என்கிற பிரெஞ்சு டாக்டர் வைத்த பெயர். முனைகள் முறுக்கிக்கொள்வது என்று அர்த்தம். முப்பத்தொரு வருடத்தில் நான் அதைப் பேப்பரில் பார்த்தது விரல்விட்டு எண்ணுகிற அளவுதான். தானாக நிற்காமல் போனால் அடுத்தது இதயம் வெறுமனே நடுங்குகிற நிலை. அப்புறம் நேரம் நிமிடக் கணக்கில்தான்.

மெக்னீசியம் ஊசி நரம்பில் ஏற்றினார்கள். ரத்தத்தில் பொட்டாசியம் 2.9 இருந்தது, 3.5க்குக் குறையக் கூடாது. அதையும் ஏற்றி, மூன்று நாள் மானிட்டரில் வைத்திருந்து அனுப்பினார்கள். இப்போது நன்றாக இருக்கிறாள், என்னைத் திட்டுகிற அளவுக்கு.

டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "கடைசி ஒரு வாரத்தில் புதுசா என்ன மாத்திரை சாப்பிட்டாங்க?" என்பது. கவரைக் கொடுத்தேன். நறுக்கின துண்டுகளில் ஒன்றில் "...மைசின்" என்று பாதிப் பெயர். கேஸ் மாத்திரைத் துண்டில் பெயரே இல்லை, கம்பெனி முகவரியின் ஒரு துண்டும் சிவப்புக் கோட்டின் ஒரு துணுக்கும் மட்டும். அது வாந்தியை அடக்குகிற டோம்பெரிடோன் சேர்ந்தது என்று அப்புறம் கடையில் போய்க் கேட்டுத்தான் தெரிந்துகொண்டோம். பான்டோப்ரசோல் பெயருக்குப் பின்னால் 'டி' என்று ஒட்டிக்கொண்டிருக்குமே, அந்த 'டி' டோம்பெரிடோன்தான்.

ஆக, கியூடியை நீட்டுகிற மருந்து மூன்று: அமியோடரோன், அசித்ரோமைசின், டோம்பெரிடோன். பொட்டாசியத்தைக் குறைக்கிற காரணம் இரண்டு: நீர் மாத்திரை, வயிற்றுப்போக்கு. வயது 65க்கு மேல், அதுவும் பெண். இதில் எந்த ஒன்றும் தனியாக வந்திருந்தால் அனேகமாக ஒன்றும் ஆகியிருக்காது. எல்லாம் ஒரே வாரத்தில் ஒரே உடம்பில் கூடிவிட்டது.

உங்களில் பார்மசி படித்தவர்களுக்கு இது பழைய பாடம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஒவ்வொரு துடிப்புக்கும் பிறகு இதயச் செல்லுக்குள்ளிருந்து பொட்டாசியம் வெளியே வடிய வேண்டும். அதற்கென்று மடை மாதிரி ஒரு வழி உண்டு. வயலில் மடை அடைத்துக்கொண்டால் தண்ணீர் வடிய நேரமாகும் அல்லவா, அதே கதைதான். இந்த மருந்துகள் அந்த மடையில் சகதி மாதிரி அடைக்கின்றன. ஒரு மருந்து கொஞ்சம் அடைத்தால் இதயம் சமாளித்துக்கொள்ளும். இரண்டு மூன்று சேர்ந்து அடைத்தால், போன துடிப்பு வடிந்து முடிவதற்குள் அடுத்தது கிளம்பிவிடுகிறது. அசித்ரோமைசினுக்குச் சொந்தக்கார ஆன்டிபயாடிக்குகளான கிளாரித்ரோமைசினும் எரித்ரோமைசினும் இன்னொரு வேலையும் செய்யும். மற்ற மருந்துகளைக் கரைத்து வெளியேற்றுகிற கல்லீரல் நொதியை அமுக்கிவிடும். ஒரு மாத்திரை சாப்பிட்டவருக்கு இரண்டு, மூன்று சாப்பிட்ட அளவு ரத்தத்தில் ஏறும். டிகாக்சின் என்கிற இதய மாத்திரை சாப்பிடுகிறவருக்குக் கிளாரித்ரோமைசின் கொடுத்தால் டிகாக்சின் அளவு ஏறி நாடித்துடிப்பு குழம்புவதும் உண்டு, அது வேறு வழியில் நடப்பது.

உங்களில் மூத்தவர்களுக்கு டெர்ஃபனடின் ஞாபகம் இருக்கும். தூக்கம் வராத அலர்ஜி மாத்திரை என்று அந்தக் காலத்தில் அப்படி ஓடியது. அதையும் எரித்ரோமைசினையும் சேர்த்துச் சாப்பிட்டவர்களுக்கு இதே கயிறு முறுக்கு வந்து, அமெரிக்காவில் 1998இல் கடைகளிலிருந்து போனது. இந்தியாவில் 2003இல் தடை. வயிற்றுக்குக் கொடுத்த சிசாப்ரைடும் இதே காரணத்துக்காக 2011இல் இங்கே தடை செய்யப்பட்டது. அலமாரியிலிருந்து அந்த அட்டைகளை எடுத்துத் திருப்பி அனுப்பியவர்கள் நீங்கள்தான். ஏன் அனுப்பினோம் என்பதைக் கடைக்குப் புதிதாக வந்த பையன்களுக்கு யாராவது சொன்னீர்களா என்பதுதான் என் சந்தேகம்.

அசித்ரோமைசினை விஷம் என்று சொல்லவில்லை. நல்ல மருந்து, டாக்டர் எழுதினால் நானும் சாப்பிடுவேன். 2012இல் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் லட்சக்கணக்கானவர்களின் மருந்துக் கணக்கை எடுத்துப் பார்த்தார்கள். அமாக்சிசிலின் என்கிற இன்னொரு ஆன்டிபயாடிக் சாப்பிட்டவர்களைவிட அசித்ரோமைசின் சாப்பிட்டவர்களில் பத்து லட்சம் கோர்ஸுக்கு 47 இதய மரணம் அதிகம். ஏற்கெனவே இதயக்கோளாறு அபாயம் மிக அதிகமாக இருந்த பிரிவில் மட்டும் அது 245. அடுத்த வருடமே டென்மார்க்கில் 18 முதல் 64 வயதுக்காரர்களைப் பார்த்ததில் அப்படி ஒரு கூடுதலும் தெரியவில்லை. இரண்டையும் சேர்த்து வைத்தால் என் மண்டைக்குப் புரிவது இது: மீன் கூடை சுமக்கிற முப்பது வயதுக்காரருக்கு இது கவலையே இல்லை, என் அக்காவுக்குத்தான் கவலை. கவுண்டரில் வந்து நிற்பவர் இருவரில் யார் என்று தெரிந்தால் போதும். ஆனால் அதைக் கேட்காமல் தெரிந்துகொள்ள வழியில்லை.

இனி நான் சொல்ல வந்த விஷயம். நம் மாவட்டத்தில் இது மற்ற இடங்களைவிடக் கொஞ்சம் சிக்கல். பெரிய வியாதிக்குத் திருவனந்தபுரம் போகிறோம், காய்ச்சலுக்குப் பக்கத்துக் கிளினிக். சிலருக்கு ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜ் சீட்டு. 2021லிருந்து மக்களைத் தேடி மருத்துவத்தில் பிரஷர், சுகர் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது, நல்ல காரியம், ஆனால் அதுவும் தனிப் பை. திருவனந்தபுரத்து டாக்டருக்கு இங்கே காய்ச்சலுக்கு என்ன கொடுத்தார்கள் என்று தெரியாது. கிளினிக் டாக்டரிடம் நாற்பது பேர் வரிசையில் நிற்கும்போது பாட்டி தன் ஐந்து மாத்திரையின் பெயரைச் சொல்லவும் மாட்டாள். "சுகருக்கு ஒண்ணு, பிரஷருக்கு ஒண்ணு, நெஞ்சுக்கு ஒரு வெள்ளை மாத்திரை" என்பாள். இத்தனை சீட்டும் கடைசியில் வந்து சேருகிற ஒரே இடம் உங்கள் மரக் கவுண்டர். மாதா மாதம் அமியோடரோன் வாங்குவதும் உங்களிடம். காய்ச்சலுக்கு வருவதும் உங்களிடம். முகம் பார்த்தாலே யார் வீட்டு ஆள் என்று உங்களுக்குத் தெரியும். திருவனந்தபுரத்துப் பெரிய டாக்டருக்குக் கிடைக்காத வசதி அது.

அதனால் நான் கேட்பது ஒரு கேள்வி. ஆன்டிபயாடிக் கொடுக்கும் முன் வாய்விட்டு, "தினமும் வேற என்ன மாத்திரை சாப்பிடுறீங்க? கையில இருந்தா காட்டுங்க" என்று கேட்க வேண்டும். பதிலில் நெஞ்சுப் படபடப்பு மாத்திரை என்றோ, அமியோடரோன், சோட்டலால் என்றோ வந்தால் கை நிற்க வேண்டும். மனநலத்துக்கான ஹாலோபெரிடால், எஸ்சிடலோபிராம், மூட்டுக்குக் கொடுக்கிற ஹைட்ராக்சிகுளோரோகுயின், தோலில் வருகிற படைக்குக் கொடுக்கிற ஃப்ளூகோனசோல் எல்லாம் கியூடியை நீட்டுகிற இதே குடும்பம்தான். ஆன்டிபயாடிக் பக்கம் அசித்ரோமைசின், கிளாரித்ரோமைசின், எரித்ரோமைசின், லெவோஃப்ளாக்சசின், மாக்சிஃப்ளாக்சசின், சிப்ரோஃப்ளாக்சசின். இரண்டு பக்கமும் சேரும்போது டாக்டருக்கு ஒரு போன் போட வேண்டும். சீட்டே இல்லாமல் வந்தவரென்றால், "இது டாக்டரைப் பார்க்காம குடுக்க முடியாதும்மா" என்று சொல்ல வேண்டும்.

மனநல மாத்திரையைப் பற்றி ஒரு வார்த்தை. அதை யாரும் கவுண்டரில் நாலு பேர் நடுவே சொல்ல மாட்டார்கள். பக்கத்தில் சம்பந்தி நிற்பார், சர்ச்சில் பார்க்கிறவர் நிற்பார். அந்தக் கேள்வியை மட்டும் கொஞ்சம் தணிந்த குரலில் கேளுங்கள்.

வயிற்றோட்டத்துக்கு நம் ஊரில் கொடுக்கிற செட்டையும் ஒருமுறை நினைத்துப் பாருங்கள். ஒஃப்ளாக்சசின்-ஆர்னிடசோல், வாந்திக்கு ஒன்டான்செட்ரான், கூடவே 'டி' போட்ட கேஸ் மாத்திரை. ஒன்டான்செட்ரானும் டோம்பெரிடோனும் கியூடியை நீட்டுகிறவை என்று தெளிவாகத் தெரியும். ஒஃப்ளாக்சசின் மேல் சந்தேகம் உண்டு. சாப்பிடுகிறவருக்கோ பேதியில் பொட்டாசியம் போய்க்கொண்டிருக்கிறது. ஓஆர்எஸ் பாக்கெட் பத்து முப்பது ரூபாய்க்குள் கிடைக்கிறது, செட்டில் அதுதான் பெரும்பாலும் இருப்பதில்லை. லாபம் குறைவு என்று யாரோ சொன்னார்கள். நான் நம்பவில்லை, நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

உங்கள் பதிலும் எனக்குத் தெரியும். "நாங்க குடுக்கலைன்னா அடுத்த கடையில வாங்கிடுவாங்க." உண்மை. நானே வாங்கியிருப்பேன். "சாயங்காலம் ஏழு மணிக்குக் கடையில் நிக்க இடம் இல்ல, இதுல கேள்வி வேறயா?" அதுவும் உண்மை. "நீ டாக்டரான்னு சண்டைக்கு வருவாங்க." வருவார்கள்தான், ஆளுங்கட்சிக் கொடி கட்டின வண்டியில் வந்து இறங்குகிறவர் கண்டிப்பாக வருவார். அதனால்தான் ஒரு கடைக்காரருக்கு எழுதாமல் எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன். எல்லாக் கடையிலும் அதே கேள்வி கேட்டால் ஓட இடம் இருக்காது. களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் கேரளாவில் 2024இல் 'ஆபரேஷன் அம்ரித்' என்று, சீட்டில்லாமல் ஆன்டிபயாடிக் விற்கிற கடைகளைத் தேடிப் பார்க்க ஆரம்பித்தார்கள். நமக்கும் சட்டம் இல்லாமல் இல்லை. அசித்ரோமைசின் ஷெட்யூல் ஹெச், சீட்டு வேண்டும். லெவோஃப்ளாக்சசினும் மாக்சிஃப்ளாக்சசினும் 2014இல் வந்த ஹெச்1 பட்டியலில் இருக்கின்றன, தனி நோட்டில் எழுதி மூன்று வருடம் வைக்க வேண்டும். நோயாளிக்கு விளக்கிச் சொல்வது பார்மசிஸ்டின் கடமை என்று 2015இல் வந்த பார்மசி பிராக்டிஸ் விதிகளே சொல்கின்றன. உங்கள் சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிற லைசென்ஸ் அந்தக் கடமைக்கும் சேர்த்துக் கொடுத்ததுதான்.

கத்தரிக்கோலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நறுக்காமல் விற்க முடியாது, மூன்று மாத்திரைக்கு வந்தவர் பத்து வாங்க மாட்டார். சரி, பெயர் இருக்கிற பக்கத்தை அவருக்குக் கொடுங்கள், அல்லது கவரின் மேல் பேனாவால் முழுப் பெயரை எழுதுங்கள். அன்றைக்குக் காஷுவாலிட்டியில் அந்தக் கேஸ் மாத்திரை எதுவென்று தெரிய முக்கால் மணி நேரம் போனது. மழையில் நான்தான் திரும்ப ஓடினேன்.

இதைப் படிக்கிற வீட்டுக்காரர்களுக்கும் ஒன்று. பயந்துபோய் இதய மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். அமியோடரோனை இரண்டு நாள் விட்டால் ஆபத்து போய்விடும் என்று சிலர் நினைக்கிறார்கள். அது உடம்பிலிருந்து போக வாரங்கள், மாதங்கள் ஆகும். இப்போது நிறுத்தினால் படபடப்புதான் திரும்ப வரும். ஆன்டிபயாடிக் சாப்பிடுகிற நாட்களில் திடீரென்று மயங்கி விழுந்தாலோ, நெஞ்சு தாறுமாறாக அடித்தாலோ, முழித்துவிட்டார், சரியாகிவிட்டது என்று வீட்டில் வைத்திருக்காதீர்கள். 108ஐக் கூப்பிடுங்கள், ஈசிஜி எடுக்கச் சொல்லுங்கள், மாத்திரைக் கவர் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போங்கள்.

அக்காவின் பர்ஸில் இப்போது ஒரு அட்டை இருக்கிறது. சினிமா டிக்கெட் அளவு. அவள் சாப்பிடுகிற மாத்திரைகளின் பெயர் தமிழில் பெரிய எழுத்தில், கீழே சிவப்பு மையில் "புது மாத்திரை கொடுக்கும் முன் இதைப் பாருங்கள்" என்று. அதே மாதிரி வெற்று அட்டைகள் ஆயிரம் அச்சடிக்கக் கொடுத்திருக்கிறேன், என் பென்ஷன் காசில். கூடவே கவுண்டருக்கு மேல் மாட்ட ஒரு பெரிய போர்டும்: "ஆன்டிபயாடிக் கேட்கும் முன், நீங்கள் தினமும் சாப்பிடும் மாத்திரைகளைச் சொல்லுங்கள்." குழித்துறை, மார்த்தாண்டம், கருங்கல், தக்கலைப் பக்கத்துக் கடைகளுக்கு நானே ஸ்கூட்டரில் கொண்டுவந்து தருகிறேன். நாகர்கோவில் பக்கத்துக்காரர்கள் யாராவது ஒருவர் வந்து மொத்தமாக வாங்கிக்கொண்டால் உபகாரமாக இருக்கும், வடசேரிவரை வண்டி ஓட்ட என் முதுகு சம்மதிப்பதில்லை. அட்டையும் போர்டும் இலவசம். ஆணி மட்டும் உங்களுடையது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஈசிஜி டெக்னீஷியன்,
மார்த்தாண்டம்